கோடி வீட்டுக்காரியின் காப்பி

எனக்கு அவளைப் பிடிக்காது. இத்தனை வருஷம் கழித்தும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்றால், பிறகு அவளைப் பற்றி நான் ஏதாவது நல்லது சொல்ல நேர்ந்தாலும் நீங்கள் நம்பலாம்.

ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்குக் கட்டிவிட்டிருந்த பலகை வீட்டு வரிசையில் நாங்கள் குடியிருந்தோம். லயம் என்போம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீடு தள்ளி ‘நூறாயுசு’ என்பார்கள். எங்கள் வீடு கடைசிக்கு முந்தியது. கடைசி வீடு அவளுடையது. அதனால் அவள் கோடி வீட்டுக்காரி. பெயரைச் சொல்லி அவளை இன்னும் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பமில்லை.

அவளுக்கு ஐந்து பிள்ளைகள், எனக்கு மூன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டுக்காரர் கிள்ளான் போகும் ரயில் வண்டியில் கரி அள்ளிப் போடுகிறவர். போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் இன்ஜின் ஷெட்டில் பிட்டர். சங்கு ஊதினால் வீட்டு வாசலில் நிற்பார். ஆக, எப்படிப் பார்த்தாலும் மூச்சுவிட நேரமில்லாதவள் அவளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் தினமும் காலையில், பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், அவள் பின்கட்டு வாசலில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். தூளிக் கயிற்றை இழுத்துக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். உள்ளே கைக்குழந்தை ஆடிக்கொண்டிருக்கும். வெளியே இவள் சீனன் கடையில் வாங்கிய பூப்போட்ட கோப்பையில் காப்பி குடிப்பாள். ஆவி பறக்கும். அவள் அவசரப்படமாட்டாள். ஒரு வாய் குடிப்பாள், தண்டவாளத்தைப் பார்ப்பாள். இன்னொரு வாய் குடிப்பாள், எதிரே வேலியில் காயும் சேலையைப் பார்ப்பாள். கோப்பை காலியாகிற வரையில் எழுந்திருக்கவே மாட்டாள்.

அந்த நேரத்தில் யாராவது போய்க் கூப்பிட்டால், அவளுடைய நாலு வயதுப் பெண் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். “அம்மா காப்பி குடிக்கிறாங்க” என்று சொல்லும். கோயிலில் திரை போட்டிருக்கிறது என்று குருக்கள் சொல்வாரே, அந்தக் குரலில் சொல்லும். பாசாரிலிருந்து மீன்காரன் வந்தாலும் அதே பதில்தான். மேஸ்திரி வந்தபோதும் அதையே சொன்னது. அவர் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என் கண்ணால் பார்த்தேன்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூடான காப்பி குடித்ததில்லை. போட்டு வைப்பேன். சின்னவன் அழுவான். வந்து பார்த்தால் ஆறியிருக்கும். சூடு பண்ணுவேன். பொதுக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கடைசியில் ஆடை படிந்து கிடப்பதை மருந்துபோல ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வேன். அதற்கு நடுவில் பலகை இடுக்கு வழியாக அவள் ‘ஸ்ஸ்...’ என்று உறிஞ்சுகிற சத்தம் வரும். என் வயிறு எரியும். இதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்லவேண்டியதில்லை. பொறாமைதான்.

என் கண் பொல்லாத கண் என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். நான் பார்த்தால் பால் திரியும் என்பார். அந்தக் காப்பியை நான் பார்க்காத நாள் கிடையாது. ஒருநாளாவது திரிந்ததா? இல்லை. அவளுக்கு நான் பார்ப்பதும் தெரியும்.

“அக்கா, இன்னிக்கு ரொம்ப நேரமா பாக்குறீங்க. எனக்கு வயித்து வலி வந்தா நீங்கதான் புள்ளைங்களுக்குச் சோறு போடணும்” என்பாள்.

“ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு. போட்டது போட்டபடி கெடக்கு.”

“கெடக்கட்டும் அக்கா. வேலை எங்க ஓடிப்போவப் போவுது? அதுக்குக் காலா இருக்கு?”

வேலைக்குக் கால் இல்லைதான். என் வீட்டு வேலைக்குக் கை இருந்தது. என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. காலையில் பசியாறிய தட்டுகள் உச்சி வேளை வரைக்கும் குழாயடியில் கிடக்கும். பையனின் சட்டையில் பொத்தான் இருக்காது. இதையெல்லாம் நான் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வீட்டுக்காரி மட்டும், “அவ வீட்ல சத்தமே கேக்க மாட்டேங்குதே, என்னா மாயமோ?” என்றாள். என் வீட்டுச் சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

காப்பி மட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். சாயங்கால மழை கொட்டும்போது நாங்கள் காயப்போட்ட துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம். அவளும் ஓடுவாள். துணியை உள்ளே எறிந்துவிட்டுத் திரும்பி வந்து, கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்காருவாள். ஐந்து பெற்றவள்! ரம்புத்தான் கொத்து வந்தால் அதிலே பெரிய பழமாகப் பார்த்துப் பிய்த்து, “இது அம்மா பங்கு” என்று முதலில் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் நெருப்பு வாங்கப் போனேன். தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நாலு பிள்ளைகள் தட்டோடு சுற்றி உட்கார்ந்திருந்தன. முதல் தோசை வழக்கம்போலக் கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. ஒதுக்கிவைத்தாள். இரண்டாவது பொன்னாக வந்தது. யார் தட்டில் விழும் என்று பார்த்தால், தன் தட்டிலேயே போட்டுக்கொண்டாள். அடுப்பை விட்டு நகர்ந்து உட்கார்ந்து, பொடியும் எண்ணெயும் தொட்டுத் தின்றாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தன.

எங்கள் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறவர்கள். என் அம்மா உட்கார்ந்து தோசை தின்று நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் கைகழுவிய பிறகு பிய்ந்ததையும் கருகியதையும் சேர்த்து நின்றுகொண்டே தின்பாள். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

“ஏம்மா, புள்ளைங்க தட்டை வச்சிக்கிட்டுக் காத்திருக்க, பெத்தவ முன்னாடி தின்னலாமா?”

“முதத் தோசை கல்லுக்கு, ரெண்டாவது எனக்கு, மூணாவதுலேருந்து இதுங்களுக்கு. எங்க வீட்டு வழக்கம் அக்கா” என்று சிரித்தாள். “பசியோட சுட்டா எனக்குக் கை பதறுது. எரிச்சல் வந்து எதையாச்சும் அடிச்சிருவேன். வயித்துக்குள்ள ஒண்ணு போயிருச்சின்னா அப்புறம் எத்தனை கேட்டாலும் சுடுவேன்.”

அவள் பிள்ளைகள் நோஞ்சானாகவாவது இருந்திருக்கலாம். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. நான் நெருப்பு வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

இவ்வளவும் அவள் வீட்டு விஷயம். எனக்கென்ன என்று விட்டிருப்பேன். என் மகள் பாக்கியம்தான் விடவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. என் மூத்தவள். பல் விளக்கியதும் கோடி வீட்டுக்குப் போய்விடுவாள். நான் தோசை வைத்தால், “அத்தை வீட்ல பசியாறிட்டேன்” என்பாள். தலை பின்னக் கூப்பிட்டால் அங்கே பின்னிக்கொண்டு வந்திருப்பாள். ஒருநாள் கோபம் தாங்காமல் கேட்டேன்.

“அப்படி என்னாடி இருக்கு அந்த வீட்ல? அஞ்சு புள்ளைங்க, மூத்திர நாத்தம்.”

பாக்கியம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அது.

“அத்தை வீட்ல யாரும் பெருமூச்சு விடமாட்டாங்கம்மா” என்றாள்.

நான் பெருமூச்சு விடுகிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து கவனித்தேன். குனிந்தால் ஒன்று, நிமிர்ந்தால் ஒன்று. அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது என் வீட்டுக்காரர் வேறு, “அந்தக் கோடி வீட்டுப் பொண்ணு எப்பப் பாத்தாலும் மொகம் மலர்ந்தாப்பல இருக்கு, இல்ல?” என்றார். பாவம், சூதுவாது தெரியாத மனுஷன். மறுநாள் ரசத்தில் உப்பு இல்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

என் பிள்ளையைக் காப்பியால்தான் பிடிக்கிறாள் என்றால் எனக்கும் காப்பி போடத் தெரியும். முடிவு செய்தேன். ஒருநாள் காலையில் டின் பாலை நிறைய விட்டுக் காப்பி போட்டு, மரப்பெட்டியைக் கவிழ்த்து, பின்கட்டில் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தேன். கண்ணை மூடி முதல் வாய் குடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே பாக்கியம்.

“அம்மா, என்னா செய்யிது?”

“ஒண்ணும் செய்யல. காப்பி குடிக்கிறேன்.”

“உக்காந்துக்கிட்டா?”

என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து வந்தவளுக்கு நெற்றி சுடாமல் என்ன செய்யும்? அலறிக்கொண்டு ஓடினாள். பிரிக்பீல்ட்ஸில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். பட்டப்பகலில் ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்றாம் வீட்டுக்காரி விபூதியோடு வந்தாள். ஐந்தாம் வீட்டிலிருந்து நிலவேம்புக் கஷாயம் வந்தது. யாரோ ஷெட்டுக்கு ஓடி என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் எண்ணெய்க் கையோடு, வழியில் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற டிரெஸரையும் இழுத்துக்கொண்டு வந்தார். “எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று நான் கத்தக் கத்த, “பெனாத்துறா” என்று சொல்லிப் படுக்கப்போட்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்தை வாயில் ஊற்றினார்கள். அந்தக் கசப்பு மூன்று நாள் நாக்கில் இருந்தது. காப்பியில் ஈ விழுந்து மிதந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, “அக்கா, மொத நாள் அப்படித்தான். விட்டுறாதீங்க” என்றாள்.

அவள் கேலி செய்திருந்தால் நான் மறுநாளும் உட்கார்ந்திருப்பேன். அவள் சொன்னதற்காகவே அந்தப் பெட்டியை உடைத்து அடுப்பில் வைத்தேன்.

பிறகு வெள்ளம் வந்தது. ஆறு பெருகினால் பிரிக்பீல்ட்ஸ் மூழ்குவது அப்போதெல்லாம் சகஜம். ஆனால் அந்தத் தடவை விடியற்காலையில் கட்டிலுக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டது. மேட்டுத் தண்டவாளத்தில் காலியாக நின்ற சரக்குப் பெட்டிகளில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். ஆண்கள் எல்லோரையும் பாலத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோடி வீட்டுக்காரர் முந்தின நாள் கிள்ளானுக்கு வண்டியோடு போனவர். வழியில் தண்டவாளத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று பேச்சு. வண்டி எங்கே நிற்கிறது, நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஆளாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். மூன்றாம் வீட்டுக்காரி முருகன் படத்தை வைத்திருந்தாள். நான் தகரப் பெட்டியில் கல்யாணச் சேலையை. கோடி வீட்டுக்காரி கரியடுப்பையும் காப்பித்தூள் டின்னையும் அந்தப் பூப்போட்ட கோப்பையையும் கொண்டு வந்திருந்தாள்.

பாக்கியம் அழுதுகொண்டிருந்தாள். அழுகை இல்லை அது, உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. “அப்பா முழுகிட்டாரா? அப்பா முழுகிட்டாரா?” என்று அதையே கேட்டாள். நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். “பயப்படாதேடி கண்ணு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றேன். என் பல்லே தந்தியடித்தது. நான் சொல்லச் சொல்ல அவளுக்கு நடுக்கம் கூடிற்று.

கோடி வீட்டுக்காரி சரக்குப் பெட்டியின் வாசல் பக்கமாக அடுப்பைப் பற்றவைத்து, மழைத் தண்ணீரைப் பிடித்துக் காப்பி போட்டாள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே எங்கள் வீட்டுக் கூரைகள் மட்டும் தெரிந்தன. அவள் ஒரு வாய் குடித்தாள், கூரையைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள், வானத்தைப் பார்த்தாள்.

“அடிப்பாவி, இப்பவுமா?” என்று மூன்றாம் வீட்டுக்காரி முணுமுணுத்தாள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். அப்போது பாக்கியம் என் மடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். விக்கல் நின்றது.

“அத்தை காப்பி குடிக்கிறாங்க” என்றாள். பிறகு, “அப்ப ஒண்ணுமில்லம்மா” என்று எனக்கே தைரியம் சொன்னாள். எழுந்து போய் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

நான் பெற்றவள். நான் நூறு தடவை சொன்ன அதே ஒண்ணுமில்லை. என் வாயிலிருந்து வந்தபோது அது பிள்ளையின் காதில் ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். கோப்பை அவள் பல்லில் பட்டு ‘டக் டக்’ என்று ஆடியது. கை நடுங்கியதில் காப்பி சிந்திக் குழந்தையின் மேல் விழாமல் முந்தானையை வைத்து மூடியிருந்தாள். அவள் முதுகில் சாய்ந்திருந்த என் பிள்ளைக்கு அது தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. அப்போதாவது என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பயத்தைக்கூட இவள் என்னைவிடச் சமத்தாகப் பயப்படுகிறாளே என்று இன்னும் எரிந்தது.

சாயங்காலம் ஆண்கள் சேறும் சகதியுமாகத் திரும்பினார்கள். மறுநாள் அவள் வீட்டுக்காரரும் தண்டவாளத் தள்ளுவண்டி ஒன்றில் வந்து சேர்ந்தார். அவர் தலையைக் கண்டதும் அவள் அந்த மேட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, அவள் வீட்டுக்காரரைப் பேராக் பக்கம் மாற்றிவிட்டார்கள். சாமான் ஏற்றும்போது நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பையை எனக்கு விட்டுவிட்டுப் போவாள் என்று ஒரு நப்பாசை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவளா விடுவாள்! பாக்கியம் சடக்கு முனை, ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தவளிடம், “போயிட்டாளா?” என்று கேட்டேன். பாக்கியம் நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சனி தொலைந்தது, இனி என் பிள்ளை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவளைப் பிறகு நான் பார்க்கவேயில்லை. இருக்கிறாளா, இல்லையா, தெரியாது.

பாக்கியத்தைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளையும் ரயில்வேதான். இப்போது அவளுக்கு மூன்று பிள்ளைகள். வீட்டு வேலை போதாதென்று தெருவுக்கே துணி தைக்கிறாள். போன மாசம் நான் போய் நாலு நாள் இருந்தேன். பிள்ளை படாத பாடு படுகிறதே, ஒத்தாசையாக இருப்போம் என்றுதான் போனேன்.

முதல் நாள் காலையில் பசியாறத் தோசை சுட்டாள். முதல் தோசை பிய்ந்தது. ஒதுக்கிவைத்தாள். இரண்டாவது பொன்னாக வந்தது. வந்தவள் நான் இருக்கிறேன், மாப்பிள்ளை இருக்கிறார், பிள்ளைகள் தட்டோடு இருக்கின்றன. என் மகள் அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பொடியும் எண்ணெயும் தொட்டுக்கொண்டாள். பேராக்குக்குப் போன சனி ஒரு நாளும் போகவே இல்லை. இத்தனை வருஷமும் என் வீட்டிலேயே, என் பிள்ளைக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

“யாருகிட்டடி கத்துக்கிட்ட இதெல்லாம்?” என்றேன். தெரிந்தேதான் கேட்டேன். உன்னிடம்தான் என்று பொய்யாவது சொல்லமாட்டாளா என்ற ஆசை.

“அத்தைகிட்ட” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

பிறகு எழுந்து போய்க் காப்பி கலந்தாள். அவளுக்கு என்று நினைத்தேன். என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். தோளைப் பிடித்து என்னைப் பின்வாசல் படியில் உட்காரவைத்தாள். “எந்திரிக்கக் கூடாது” என்றாள்.

ஆவி பறந்தது. வேலிக்கு அப்பால் ஏதோ வண்டி போயிற்று. உள்ளே சின்னது வீல் என்று கத்திற்று. என் உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. அப்போது பேத்தி ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் கையை நீட்டி அதட்டினாள்.

“சத்தம் போடாதீங்க! அம்மாச்சி காப்பி குடிக்கிறாங்க.”

அதே வார்த்தை. அதே கோயில் குரல். அந்தக் குழந்தை அவளைப் பார்த்ததுகூட இல்லை. எனக்குக் கிடைத்த இதுவும் அவள் போட்ட பிச்சைதானா? ஒரு நிமிஷம் கோப்பையைக் கீழே வைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

வைக்கவில்லை. உட்கார்ந்து, ஆறுவதற்குள், ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.